அனோபயா மலைப்பாதைக் காவல், கி.மு. 480: ஒரு நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றியது

கி.மு. 480ஆம் ஆண்டு கோடையின் கடைசியில், தெர்மோபிலே கணவாய்க்கு மேலே செல்லும் அனோபயா என்ற மலைப்பாதையைக் காக்க 1000 காலாட்படை வீரர்கள் நிறுத்தப்பட்டார்கள். கணவாய்க்குத் தெற்கே இருந்த ஃபோக்கிஸ் நாட்டைச் சேர்ந்தவர்கள் அவர்கள். போரின் மூன்றாம் நாள் விடியலில் பாரசீகப் படை அவர்களைத் தாண்டி இறங்கிப் போனது. கீழே கணவாயில் ஸ்பார்ட்டா அரசர் லியோனிடாஸின் தலைமையில் நின்ற கிரேக்கப் படை பின்புறமிருந்து சூழப்பட்டது அதனால்தான். அந்தக் காவலில் என்ன நடந்தது, யார் என்ன முடிவு எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்பதே இந்த ஆய்வு.

நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸின் பதிவு. காட்டிக்கொடுத்தவரின் பெயரையும், அவரைப் பின்னாளில் கொன்றவரின் பெயரையும்கூட எழுதிவைத்த அவர், இந்த ஆயிரம் பேரில் ஒருவர் பெயரையும் சொல்லவில்லை. தலைவரின் பெயரும் இல்லை. அவர்களைப் பற்றி வருவது சில பத்திகள்தான். ஆனால் ஒரு காவல் எப்படித் தவறியது என்பதைப் புரிந்துகொள்ள அது போதும்.

பின்னால் வந்த பலர் இதைக் கோழைத்தனம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். பதிவை நிதானமாகப் படித்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் சாகத் தயாராகவே இருந்தார்கள். தயாரான இடம்தான் தவறு. அந்த இடத்துக்கு அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்த காரணங்களில் பாதி கீழே, தலைமை முகாமில் இருந்தன.

பின்னணி

கி.மு. 481இல் கொரிந்து நிலஇடுக்கில் கூடிய கிரேக்க நகரங்கள், பாரசீகப் பேரரசர் செர்க்சஸின் படையெடுப்பை எதிர்க்கக் கூட்டணி அமைத்தன. முதலில் அவர்கள் காக்க நினைத்தது தெர்மோபிலே இல்லை. அதற்கு வெகு வடக்கே, தெசாலி நாட்டின் வாசலில் உள்ள டெம்ப்பே பள்ளத்தாக்கு. அங்கே 10,000 பேர் போனார்கள். சில நாட்களிலேயே திரும்பி வந்தார்கள். வரப்போகும் படையின் அளவைச் சொல்லி மக்கெடோனியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது ஒரு காரணம். பெர்ஹேபியா வழியாக கொன்னஸ் ஊர்ப்பக்கம் இறங்கும் இன்னொரு வழி இருக்கிறது, டெம்ப்பேயை அடைத்தாலும் எதிரி சுற்றி வந்துவிடுவான் என்று தெரிந்தது மற்றொரு காரணம். ஹெரோடோட்டஸ் இரண்டாவதைத்தான் உண்மையான காரணமாகக் கருதுகிறார்.

இதை விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. சுற்றுவழி உள்ள கணவாயை நம்பக்கூடாது என்பது கிரேக்கத் தலைமைக்குத் தெரியாத விஷயம் இல்லை. சில மாதங்களுக்கு முன்னால்தான் அதே காரணத்துக்காக ஓர் இடத்தைக் கைவிட்டிருந்தார்கள். அப்படியிருந்தும் தெர்மோபிலேயைத் தேர்ந்தெடுத்தபோது, அதற்கும் ஒரு சுற்றுவழி உண்டு என்பது அவர்களுக்குத் தெரியாது. படை போய் இறங்கிய பிறகு, உள்ளூர் டிராக்கிஸ் மக்கள் சொல்லித்தான் தெரிந்தது.

மற்றபடி இடத்தேர்வில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஒரு பக்கம் செங்குத்தான மலை, மறுபக்கம் கடல். குறுகலான இடங்களில் ஒரு வண்டி போகத்தான் வழி. (ஸ்பெர்க்கியோஸ் ஆறு கொண்டுவந்த வண்டலால் இன்று கடல் சில கிலோமீட்டர் விலகிப்போய்விட்டது. இப்போது அங்கே போய் நிற்பவர்களுக்கு, இதையா கணவாய் என்றார்கள் என்று தோன்றும்.) அருகே கடலில் ஆர்ட்டெமிசியம் முனையில் கிரேக்கக் கப்பற்படை. இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கவேண்டிய ஏற்பாடு.

வந்த படை சிறியது. 300 ஸ்பார்ட்டர்களையும் சேர்த்து பெலொப்பனீசியர்கள் (தென் கிரேக்கத் தீபகற்பத்தவர்) 3100 பேர், தெஸ்பியா ஊரார் 700 பேர், தீப்ஸ் ஊரார் 400 பேர், ஓப்பஸ் பகுதி லோக்கிரியர்கள் தங்களிடம் இருந்த அத்தனை பேரோடும், பிறகு ஃபோக்கிஸிலிருந்து இந்த 1000 பேர். ஸ்பார்ட்டாவில் கார்னேயா திருவிழா நடந்துகொண்டிருந்தது. ஒலிம்பியா விளையாட்டுகளும் அதே சமயம். திருவிழா முடிந்ததும் முழுப்படையும் வரும் என்பது திட்டம்.

ஃபோக்கிஸ் மக்களுக்கும் லோக்கிரியர்களுக்கும் அழைப்பு அனுப்பியபோது சொன்னதும் அதுதான். இப்போது வந்திருப்பது முன்னணிப் படை மட்டுமே, மற்றவர்கள் எந்த நாளும் வந்துவிடுவார்கள், கடலை ஏதென்ஸும் ஏஜினாவும் காக்கின்றன, பயப்பட ஒன்றுமில்லை, வருகிறவன் கடவுள் அல்ல மனிதன்தான் என்று தூது போனது. அந்த வாக்குறுதியை நம்பித்தான் அவர்கள் வந்தார்கள். பாரசீகப் படை நெருங்கியதும் பெலொப்பனீசியர்கள் பலர் கொரிந்து நிலஇடுக்குக்கே திரும்பிப் போய்விடலாம் என்று பேச ஆரம்பித்தார்கள். ஃபோக்கிஸ்காரர்களும் லோக்கிரியர்களும் கொதித்துப்போனார்கள். கணவாய் விழுந்தால் அடுத்து எரியப்போவது அவர்கள் ஊர்கள்தானே. லியோனிடாஸ் அவர்கள் பக்கம் நின்றார். இங்கேயே இருப்போம், கூடுதல் படை கேட்டு ஆள் அனுப்புவோம் என்று முடிவானது.

பாதையை முன்பே அறிந்தவர்கள்

அனோபயா பாதை, அசோப்போஸ் ஆறு மலையைப் பிளந்து வெளியே வரும் இடத்தில் தொடங்குகிறது. மலைமுதுகின் மேலேயே நீண்டு போய், கணவாயின் கிழக்கு முனையில், அல்பேனஸ் என்ற லோக்கிரிய ஊர்ப்பக்கம் இறங்குகிறது. அதாவது கணவாயைக் காப்பவர்களின் முதுகுக்குப் பின்னால். சரியாக எந்தத் தடம் என்பதில் இன்றைய ஆய்வாளர்களிடையே பல கருத்துகள் உண்டு. கல்லிட்ரோமோஸ் மலைத்தொடரின் உயரங்கள் வழியாக என்பதில் சந்தேகமில்லை.

கொரிந்தில் கூடிப் பேசியவர்களுக்குத் தெரியாத இந்தப் பாதை, ஃபோக்கிஸ் நாட்டில் பழைய காயம். அவர்களுக்கும் வடக்கே இருந்த தெசாலிக்காரர்களுக்கும் நீண்ட நாள் பகை. தெசாலியர்களைத் தடுக்கத்தான் ஃபோக்கிஸ்காரர்கள் முன்னொரு காலத்தில் தெர்மோபிலேயில் மதில் கட்டினார்கள். வெந்நீர் ஊற்றுகளின் நீரைக் கணவாய்க்குள் திருப்பிவிட்டு, தரையை அரித்துக் கடக்க முடியாததாக ஆக்கினார்கள். அப்போது மாலிஸ் பகுதி மக்கள் தெசாலியர்களை அழைத்துக்கொண்டு போனது இந்த மலைப்பாதை வழியாகத்தான். லியோனிடாஸின் ஆட்கள் வந்து செப்பனிட்டதும் அந்தப் பழைய மதிலைத்தான்.

ஆகவே முகாமில் இருந்தவர்களில், இந்தப் பாதை என்ன செய்யும் என்று சொந்த வரலாற்றிலிருந்து அறிந்தவர்கள் இவர்கள். கணவாயை அடைத்தாலும் உள்ளூர் மாலியர் ஒருவர் வழிகாட்டினால் எல்லாம் முடிந்தது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

காவலை ஒப்படைத்த முடிவு

பாதைக் காவலை ஃபோக்கிஸ் வீரர்கள் தாங்களாகவே முன்வந்து ஏற்றார்கள். லியோனிடாஸ் ஒப்புக்கொண்டார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் ஒப்புக்கொண்டிருப்பார்கள். மலை அவர்களுக்குப் பழக்கம். 1000 பேர் என்பது மொத்தப் படையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. பாதையின் முக்கியத்துவத்தைத் தலைமை குறைத்து மதிப்பிட்டது என்று சொல்ல முடியாது. போதாதற்கு, முகடு தாண்டித் தெற்கே இறங்கினால் அவர்கள் சொந்த நாடு. சொந்த மண்ணைக் காப்பவர்கள் உயிரைக் கொடுத்துக் காப்பார்கள் என்ற எண்ணம் இயல்பானது.

சிக்கல் அங்கேதான் புகுந்தது. ஹெரோடோட்டஸ் அவர்கள் வேலையை விவரிக்கும்போது, தங்கள் நாட்டைக் காத்துக்கொண்டும் பாதையைக் காவல் காத்துக்கொண்டும் இருந்தார்கள் என்கிறார். இரண்டு வேலைகள். சாதாரண நேரத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். நெருக்கடியில் அவை இரண்டு திசைகளில் இழுக்கும். நாட்டைக் காப்பவர் எதிரி தன்னைத் தேடி வருகிறான் என்று எண்ணுவார். பாதையைக் காப்பவருக்கு, எதிரி தன்னைப் பொருட்படுத்தாமல் கடந்துபோக நினைக்கலாம் என்பது புரிந்திருக்க வேண்டும். காவலர்களின் மனதில் எது முன்னால் இருந்தது என்பது மூன்றாம் நாள் விடியலில் தெரிந்தது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. முழுக்க ஒரே நாட்டுக்காரர்கள். ஸ்பார்ட்டத் தளபதி ஒருவரோ, லியோனிடாஸின் சார்பில் பேசக்கூடிய ஆளோ அவர்களோடு மேலே இருந்ததாகப் பதிவில் இல்லை.

முதல் இரண்டு நாட்கள்

செர்க்சஸ் நான்கு நாட்கள் காத்திருந்தார். ஐந்தாம் நாள் தன் படையிலிருந்த மீடியர்களையும் சிஸ்ஸியர்களையும் அனுப்பினார், பிறகு ஹைடார்னஸின் தலைமையில் 10,000 பேர் கொண்ட ‘இறவாப் படை’யை. குறுகிய இடத்தில் எண்ணிக்கை பயன்படவில்லை. பாரசீகர்களின் ஈட்டிகளும் கிரேக்க ஈட்டிகளைவிடக் குட்டையானவை. மறுநாளும் அப்படியே. கிரேக்கர்கள் நாடுவாரியாக முறைவைத்துப் போரிட்டார்கள். முறையில் வராதவர்கள் மலைமேல் இருந்த ஃபோக்கிஸ்காரர்கள் மட்டும்தான்.

அந்த இரண்டு நாட்களும் மேலே எதுவும் நடக்கவில்லை. காவல் வேலையில் இது எப்போதும் ஆபத்தான காலம். கீழே போர் நடக்கிறது, வெற்றியாகவே நடக்கிறது, மேலே மரங்கள் மட்டும். மூன்றாம் நாள் விடியலில் அவர்கள் இருந்த நிலையைப் பார்த்தால், இந்த அமைதி வேலை செய்திருக்கிறது என்றே எண்ணத் தோன்றுகிறது.

இரவும் விடியலும்

இரண்டாம் நாள், மாலிஸைச் சேர்ந்த எஃபியால்டஸ் என்பவர் பெரும் பரிசை எதிர்பார்த்து செர்க்சஸிடம் பாதையைச் சொன்னார். விளக்கு வைக்கும் நேரத்தில் ஹைடார்னஸ் தன் ஆட்களோடு முகாமிலிருந்து கிளம்பினார். அசோப்போஸைக் கடந்து, வலப்பக்கம் ஓய்டா மலைகளும் இடப்பக்கம் டிராக்கிஸ் மலைகளுமாக இரவு முழுவதும் நடந்தார்கள். விடியும்போது உச்சிக்கு அருகில் வந்துவிட்டார்கள்.

இரவெல்லாம் ஒரு பெரும்படை ஏறி வந்ததைக் காவலர்கள் அறியவில்லை. மலை முழுக்க ஓக் மரங்கள். வந்தவர்களை அவை மறைத்துவிட்டன. கடைசியில் காட்டிக்கொடுத்ததும் அதே மரங்கள்தான். காற்று அசையாத விடியல். தரையில் கிடந்த இலைகள் ஆயிரக்கணக்கான கால்களின் கீழ் சலசலத்தன. அந்தச் சத்தம் கேட்டுத்தான் ஃபோக்கிஸ் வீரர்கள் துள்ளி எழுந்தார்கள். கவசங்களை மாட்டிக்கொண்டிருக்கும்போதே எதிரி கண்ணெதிரில் நின்றான்.

இந்த ஒரு காட்சியிலிருந்து பல விஷயங்கள் தெரிகின்றன. எல்லோரும் கவசம் கழற்றியிருந்தார்கள். இலைச் சத்தம் கேட்கும் தூரம்தான் அவர்களின் மொத்த எச்சரிக்கைத் தூரம். பாதையில் மேற்கே, அசோப்போஸ் பக்கம், கொஞ்சத் தூரம் முன்னால் நாலு பேர் இருந்திருந்தால்கூட இலை பேசும்வரை காத்திருக்கத் தேவைப்பட்டிருக்காது. கிரேக்கக் கனரகக் காலாட்படை வீரனின் பெரிய வட்டக் கேடயமும் வெண்கலக் கவசமும் தலைச்சீராவும் நொடியில் அணிந்துகொள்ளக் கூடியவை அல்ல. அணிந்தாலும் அவன் தனியாக நின்று பயனில்லை. தோளோடு தோள் சேர்ந்து அணிவகுத்தால்தான் அவன் படை.

பாரசீகர்களும் திகைத்தார்கள் என்கிறது பதிவு. வழியில் யாரும் இருக்கமாட்டார்கள் என்று நினைத்திருந்தார்கள். ஆயுதம் தரிக்கும் ஆட்களைக் கண்டதும் ஹைடார்னஸுக்கு முதலில் வந்த பயம், இவர்கள் ஸ்பார்ட்டர்களோ என்பது. இரண்டு நாட்களாகக் கீழே பட்ட அடி அப்படி. எஃபியால்டஸிடம் எந்த ஊர்ப்படை என்று கேட்டார். ஸ்பார்ட்டர்கள் இல்லை என்று தெரிந்துகொண்டதும் தன் ஆட்களைப் போருக்கு அணிவகுத்தார்.

அந்தச் சில நிமிடங்கள் எனக்கு மிக முக்கியமாகப் படுகின்றன. இரண்டு பக்கமும் எதிர்பாராத சந்திப்பு. ஹைடார்னஸ் நின்று, கேட்டு, உறுதி செய்துகொண்டு, பிறகு முடிவெடுத்தார். தான் எதற்காக ஏறி வந்தோம் என்பது அவருக்குத் தெளிவாக இருந்தது: கணவாயின் பின்வாசலுக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். எதிரில் இருப்பவர்களை அழிப்பது அவர் வேலை இல்லை. வழியிலிருந்து விலக்கினால் போதும். அம்புகளை மழையாகப் பொழியச் செய்தார்.

மேலே ஏறிய முடிவு

அம்புகள் வந்து விழுந்ததும் ஃபோக்கிஸ் வீரர்கள் பாதையை விட்டு மலையின் உச்சிக்கு ஏறினார்கள். தாக்குதல் தங்களைக் குறிவைத்துத்தான் தொடங்கியிருக்கிறது என்று எண்ணி, அங்கேயே சாவதற்கு ஆயத்தமாக நின்றார்கள். எஃபியால்டஸும் ஹைடார்னஸும் அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேகமாக இறங்கிப் போய்விட்டார்கள்.

அந்த நேரத்தில் காவலர்களுக்கு மூன்று வழிகள் இருந்தன. பாதையை மறித்து நின்ற இடத்திலேயே நிற்கலாம். அல்லது பாதை வழியாகவே கிழக்கே, அல்பேனஸ் பக்கம், சண்டையிட்டுக்கொண்டே பின்வாங்கி, எதிரிக்கும் லியோனிடாஸுக்கும் நடுவிலேயே இருந்துகொண்டு நேரத்தைக் கடத்தலாம். மூன்றாவது, உச்சிக்கு ஏறுவது.

தாக்குதல் தங்கள்மேல்தான் என்றால் மூன்றாவதில் பெரிய குறை காண முடியாது. பாதி அணிந்த கவசத்தோடு, அணி சேராத நிலையில், அம்பு மழையில் சமதரையில் நிற்பது வீண் சாவு. உயரத்தில் நெருக்கமாகச் சேர்ந்துகொண்டால் ஏறி வருபவனைத் தள்ளலாம். ஆனால் காவலின் பொருள் அதோடு போய்விட்டது. பாதை திறந்துகிடந்தது. அவர்கள் ஏறிய ஒவ்வோர் அடியும் கீழே இருந்தவர்களிடமிருந்து அவர்களை விலக்கிக்கொண்டு போனது.

ஏன் அப்படி எண்ணினார்கள்? முகட்டின் மறுபக்கம் அவர்கள் நாடு. தலைமுறை தலைமுறையாக அந்த மலையைத் தாண்டி வந்தவர்கள் எல்லோரும் ஃபோக்கிஸைக் கொள்ளையடிக்க வந்தவர்கள். வடக்கிலிருந்து ஆயுதத்தோடு ஏறி வருபவன் நம் வீட்டுக்குத்தான் வருகிறான் என்பது அவர்கள் அனுபவம் சொல்லிக்கொடுத்த பாடம். அந்த ஒரு விடியலில் அது பொருந்தவில்லை.

1000 பேரால் ஹைடார்னஸைத் தடுத்து நிறுத்தியிருக்க முடியும் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டாவது வழியில் பலர் செத்திருப்பார்கள், பாதையும் கடைசியில் விழுந்திருக்கும். ஆனால் அது கொடுத்திருக்கக்கூடிய ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அன்று கீழே விலை இருந்தது.

கீழே நடந்தது

லியோனிடாஸின் முகாமுக்குச் செய்தி மூன்று வழிகளில் வந்தது. பலியிட்ட விலங்கைப் பார்த்த மெகிஸ்டியாஸ் என்ற நிமித்திகர், விடியலில் சாவு வருகிறது என்றார். பிறகு, இரவு இருக்கும்போதே, பாரசீக முகாமிலிருந்து தப்பி வந்தவர்கள் சுற்றி வருகிறார்கள் என்று சொன்னார்கள். கடைசியாக, வெளுக்கும் நேரத்தில், உயரங்களில் நிறுத்தியிருந்த பகல் காவலர்கள் ஓடி இறங்கி வந்தார்கள். இந்த மூன்றிலும் ஃபோக்கிஸ் படை அனுப்பிய ஆள் இல்லை.

நடுவில் உள்ளது என்னை உறுத்துகிறது. இரவிலேயே கீழே தெரிந்திருக்கிறது. மேலே ஓர் ஆளை எச்சரிக்கை சொல்ல அனுப்பியதாகவோ, கூடுதல் படையை ஏற்றிவிட்டதாகவோ பதிவில் ஒரு சொல் இல்லை. மலை ஏற நேரமாகும், அனுப்பியிருந்தாலும் பிந்தியிருக்கலாம். ஆனாலும் மேலே உள்ளவர்கள் கீழே சொல்லவில்லை என்று குறை சொல்பவர்கள், கீழே உள்ளவர்களும் மேலே சொல்லவில்லை என்பதைச் சேர்த்தே எண்ண வேண்டும்.

அப்புறம் நடந்தது எல்லோரும் அறிந்தது. கூட்டணிப் படையில் பெரும்பகுதி விலகியது. 300 ஸ்பார்ட்டர்களும் 700 தெஸ்பியர்களும் 400 தீப்ஸ் வீரர்களும் தங்கினார்கள். மலையிலிருந்து இறங்கும் வழி ஏறும் வழியைவிடக் குறுகியது, நேரானது என்று எஃபியால்டஸ் சொல்லியிருந்ததால், செர்க்சஸ் சந்தை கூடும் நேரம் வரை காத்திருந்துதான் முன்புறத் தாக்குதலைத் தொடங்கினார். லியோனிடாஸ் விழுந்தார். செர்க்சஸின் சகோதரர் இருவர் விழுந்தார்கள். ஹைடார்னஸின் படை இறங்கிவிட்டது தெரிந்ததும், எஞ்சியவர்கள் மதிலுக்குப் பின்னால் இருந்த சிறு குன்றுக்கு விலகினார்கள்; தீப்ஸ் வீரர்கள் மட்டும் பிரிந்து போய்ச் சரணடைந்தார்கள். குன்றில் நின்றவர்கள் அங்கேயே மடிந்தார்கள். 1939இல் தொல்லியலாளர் ஸ்பிரிடோன் மரினாட்டோஸ் அந்தக் குன்றில் அகழ்ந்தபோது ஏராளமான அம்பு முனைகள் கிடைத்தன.

ஃபோக்கிஸுக்கு நேர்ந்தது

காவலர்கள் உச்சியில் உயிர் தப்பினார்கள். அவர்கள் காக்க நினைத்த நாடு தப்பவில்லை.

போருக்குப் பின் தெசாலியர்கள் தூது அனுப்பினார்கள்: 50 தாலந்து வெள்ளி கொடுங்கள், பாரசீகர்களை உங்கள் நாட்டுப்பக்கம் வராமல் திருப்பிவிடுகிறோம். ஃபோக்கிஸ் மக்கள் மறுத்துவிட்டார்கள். கிரேக்கத்தைக் காட்டிக்கொடுக்கமாட்டோம் என்றார்கள். தெசாலியர்கள்மேல் இருந்த வெறுப்புதான் அதற்குக் காரணம், வேறொன்றும் இல்லை என்கிறார் ஹெரோடோட்டஸ். காரணம் எதுவானாலும், விலை பேசி உயிர் பிழைக்கும் வாய்ப்பை அவர்கள் தள்ளினார்கள் என்பது உண்மை.

தெசாலியர்களே வழிகாட்ட, படை கெஃபிசஸ் ஆற்றோரமாக இறங்கியது. டிரைமஸ், டெத்ரோனியம், எலாட்டேயா, ஹையம்போலிஸ் என்று வரிசையாக ஊர்கள் எரிந்தன. அபேயில் இருந்த அப்போலோ கோயிலைக் கொள்ளையடித்து எரித்தார்கள். மக்களில் ஒரு பகுதியினர் பர்னாசஸ் மலைக்கு ஏறினார்கள், பெரும்பாலோர் அம்ஃபிஸ்ஸா ஊருக்கு ஓடினார்கள். வழியில் பிடிபட்ட பெண்களுக்கு நடந்த கொடுமையையும் பதிவு மறைக்கவில்லை.

மறு ஆண்டு பிளாட்டேயா போருக்கு முன், 1000 ஃபோக்கிஸ் வீரர்கள் வேறு வழியின்றிப் பாரசீகத் தளபதி மார்டோனியஸின் முகாமில் சேர்ந்திருந்தார்கள். அவருடைய குதிரைப்படை திடீரென்று அவர்களைச் சூழ்ந்து ஈட்டிகளை ஓங்கியது. அவர்கள் நெருக்கிச் சேர்ந்து, எல்லாப் பக்கமும் முகம் காட்டி நின்றார்கள். குதிரைகள் திரும்பிவிட்டன. மார்டோனியஸ் அவர்களின் துணிவைப் பாராட்டி ஆள் அனுப்பினார். அதே காலத்தில் அவர்கள் நாட்டவர் வேறு சிலர் பர்னாசஸிலிருந்து இறங்கிப் பாரசீகப் படையைத் தாக்கிக்கொண்டிருந்தார்கள். சூழப்பட்டால் ஒன்றுசேர்ந்து சாகும்வரை நிற்பது இந்த மக்களுக்குக் கைவந்த வழக்கம். அனோபயாவில் அவர்கள் செய்ததும் அதுவேதான். அன்று அங்கே தேவைப்பட்டது வேறு.

மாற்ற வேண்டியிருந்தவை

முதலில் முன்காவல். பாதையின் மேற்குப் பகுதியில், அசோப்போஸ் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி சிலர் இரவு முழுக்க விழித்திருந்தால், காவலர்களுக்குக் கவசம் அணிந்து அணிவகுக்க வேண்டிய நேரம் கிடைத்திருக்கும். இதற்குக் கூடுதல் ஆட்கள் தேவைப்படவில்லை. இருந்த ஆயிரத்தில் இருபது பேர் போதும்.

இரண்டாவது செய்தி. இதில் கிரேக்கர்களுக்குத் திறமை இல்லாமல் இல்லை. தெர்மோபிலேயில் 30 துடுப்புப் படகோடு ஏதென்ஸைச் சேர்ந்த அப்ரோனிக்கஸ் காத்திருந்தார். தரைப்படைக்கு ஏதாவது நேர்ந்தால் கப்பற்படைக்குச் சொல்வது அவர் வேலை. ஆர்ட்டெமிசியத்தில் அதற்கு மறுதலையாக, ஆன்டிகைராவைச் சேர்ந்த பொலியாஸ் இன்னொரு படகோடு இருந்தார். லியோனிடாஸ் விழுந்த செய்தி அப்ரோனிக்கஸ் மூலம்தான் கப்பற்படைக்குப் போய், அவர்கள் உரிய நேரத்தில் விலகினார்கள். நிலத்துக்கும் கடலுக்கும் இடையே இவ்வளவு கவனமாக யோசித்தவர்கள், மலைமேல் இருந்த காவலுக்கும் கணவாய்க்கும் இடையே அப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்ததாகத் தெரியவில்லை. என் பார்வையில் இந்த நிகழ்வின் மிகப் பெரிய குறை இதுதான், அது தலைமையுடைய குறை.

மூன்றாவது, பின்வாங்கும் திசை. பாதையில் நிற்க முடியாமல் போனால் எந்தப் பக்கம் போவது என்பதை முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும். அம்பு விழும்போது அதை முடிவு செய்ய நேரம் இருக்காது. கால்கள் தெரிந்த பக்கம்தான் போகும். லியோனிடாஸின் ஆள் ஒருவர் மேலே இருந்திருந்தால், கீழே இருப்பவர்களை நினைவூட்ட அந்த நிமிடத்தில் ஒரு குரலாவது இருந்திருக்கும்.

அதே பாதை, இன்னும் இரண்டு முறை

கி.மு. 279இல் பிரென்னஸ் தலைமையில் கோல் படை தெர்மோபிலேக்கு வந்தது. கணவாயில் கிரேக்கர்கள், மேலே அதே பாதையில் மறுபடியும் ஃபோக்கிஸ்காரர்கள். இந்த முறையும் உள்ளூர் மக்கள்தான் வழிகாட்டினார்கள். கோல்கள் தங்கள் நிலத்தைவிட்டுப் போனால் போதும் என்பது அவர்கள் கவலை. மலையில் கடும் மூடுபனி. எதிரி அருகில் வந்த பிறகே காவலர்களுக்குத் தெரிந்தது. ஆனால் நின்று கடுமையாகப் போரிட்டார்கள். பாதையை இழக்கவேண்டி வந்தபோது, ஓடி இறங்கிக் கீழே இருந்தவர்களுக்குச் சொல்லிவிட்டார்கள். சுற்றிவளைப்பு முடிவதற்குள் ஏதென்ஸின் கப்பல்கள் கரையோரம் வந்து படையை ஏற்றிச் சென்றன.

கி.மு. 191இல் சிரியாவின் அரசர் மூன்றாம் அந்தியோக்கஸ் ரோமானியர்களுக்கு எதிராகக் கணவாயைப் பிடித்தார். பழைய கதை தெரிந்தவர் என்பதால் தன் கிரேக்கக் கூட்டாளிகளான ஏட்டோலியர்களில் 2000 பேரை மூன்று உயரங்களுக்குப் பிரித்து அனுப்பினார். இரவில் ஏறிய ரோமானியர் கேட்டோ, கல்லிட்ரோமோஸில் இருந்தவர்களைப் பெரும்பாலும் உறக்கத்திலேயே பிடித்தார். மேலிருந்து ஒரு படை இறங்கி வருவதைக் கண்ட அந்தியோக்கஸின் வீரர்கள், முதலில் அதைத் தங்களுக்கு உதவ வரும் ஏட்டோலியர்கள் என்றே நினைத்தார்கள். கொடிகள் தெளிவாகத் தெரியும் தூரம் வந்த பிறகுதான் ஆயுதங்களைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.